அடித்தவன் வாயால்

என்னைச் செருப்பால் அடித்தபோது நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

வியட்நாமில் ஒரு கடலோர ஊர். கீழே நம் சாப்பாட்டுக் கடை. மாடியில் இங்கிலீஷ் அகாடமி. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. அவரும் நம் பக்கத்து ஆள்தான், திருநாவலூர். நான் கல்வராயன் மலை. வெள்ளிமலையிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் என் ஊர்.

எட்டாவதோடு நின்றவன் இங்கிலீஷ் வாத்தியார் ஆனது எப்படி என்று கேட்பார்கள். கேட்காதவர்கள் சிரிப்பார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. சேர்க்கும்போதே என் அப்பா வாத்தியாரிடம் சொன்னார். "கண்ணு ரெண்ட மட்டும் உட்டுட்டு மீதிய உரிச்சிடுங்க சார்." எல்லா அப்பன்களும் சொல்வதுதான். எங்கள் வாத்தியார் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். புளிய விளார் வைத்திருந்தார். பலகையில் எழுதியதைவிட என் முதுகில் எழுதியது ஜாஸ்தி. எட்டாவதில் ஒருநாள் அந்த விளாரைப் பிடுங்கி ஒடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். திரும்பப் போகவில்லை.

பாண்டிச்சேரிப் பக்கம் கடலோரம் ஒரு தங்கும் விடுதியில் வேலை. வெள்ளைக்காரர்கள் வருவார்கள். கக்கூஸ் கழுவினேன். பெட்ஷீட் மாற்றினேன். பிறகு சமையல்கட்டு. சாயங்காலமானால் குடித்துவிட்டு அவர்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். நான் நடுவில் போய் நிற்பேன். "சார், ப்ளீஸ், ஸ்டாப் சார், சிட் டவுன் சார்." எனக்கு உருப்படியாக வந்த முதல் இங்கிலீஷ் அதுதான். மூக்கு உடைந்தவனுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே பேசிப் பழகினேன். வருஷம் போகப் போக எல்லாம் பேச வந்தது. எழுத்து மட்டும் வரவில்லை.

முதலாளி அந்த விடுதிக்கு வந்து தங்கினார். என் பரோட்டாவைச் சாப்பிட்டார். கூட்டிக்கொண்டு போனார். பரோட்டா மாஸ்டராகத்தான் போனேன். மாடியில் பேச்சு வகுப்பு எடுத்த வெள்ளைக்காரன் சொல்லாமல் போய்விட்டான். முதலாளி கிச்சனுக்கு வந்து நின்றார்.

"டேய், நீ வெள்ளக்காரங்கூட இங்கிலீஷ்ல பேசிக்கினு இருந்தல்ல. நான் பாத்தேன். மேல வா."

"எனக்கு எழுத வராதுங்க."

"எழுத்துக்கு மேல ஒரு உள்ளூர்ப் பொண்ணு கீது. நீ பேசு. பேசறதுக்கு இன்னாடா படிப்பு?"

சட்டை கொடுத்தார். டை கொடுத்தார். காலையில் மாவு பிசைவேன். சாயங்காலம் டை கட்டுவேன். கிச்சனில் தோசை மாஸ்டர் ஒருவன் இருந்தான், சின்னசேலத்துக்காரன். மாடியில் என்னை எல்லாரும் டீச்சர் என்று கூப்பிட்டது அவனுக்குச் சிரிப்பு. "டீச்சரம்மா, மாவு புளிக்குது, எறங்கி வாங்க" என்று படிக்குக் கீழே நின்று கத்துவான்.

படிக்க வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஓட்டல்களில் வேலை செய்கிறவர்கள். துணி வெளுக்கிற பெண், வாசலில் கார் கதவு திறக்கிறவன், மேஜை துடைக்கிறவர்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். நானும் அதே வேலை செய்தவன். நான் வாடிக்கையாளனாக நடிப்பேன். "நோ ஹாட் வாட்டர்!" என்று கத்தி மேஜையைக் குத்துவேன். நாற்காலியை உதைப்பேன். பக்கெட்டைத் தூக்கி எறிவேன். எதிரில் நிற்கிறவர் பயப்படாமல் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் இரண்டு பேர் அழுதார்கள். பிறகு பழகிவிட்டது. நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவு சிரித்தார்கள். ஒரு பையன் வகுப்பு முழுவதையும் போனில் படம் பிடிப்பான், வீட்டில் போட்டுப் பார்த்துப் பேசிப் பழக.

முதலாளிக்குக் கை சும்மா இருக்காது. கிச்சனில் எல்லாரையும் அடிப்பார். தோசை மாஸ்டரின் முழங்கையில் சூடான தோசைத் திருப்பியை வைத்தார். தோசை ஒன்று கருகியதற்கு. பாத்திரம் கழுவுகிற உள்ளூர் ஆளைப் படியில் தள்ளினார். அவனுக்கு முன்பல் போனது. என்னைத் தொட்டதில்லை. நான் ஆள் பெரியவன்.

கீழே வாசலில் என் படம் போட்ட பலகை வைத்திருந்தார். கோட்டு போட்ட படம். அதில் அந்த ஊர் எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. சிங்கப்பூரில் பெரிய படிப்பு படித்தவன் என்று எழுதியிருந்தாராம். எனக்கு அது தெரியாது.

அன்றைக்கு, துணி வெளுக்கிற பெண் எழுந்து கேட்டாள். "டீச்சர், சிங்கப்பூர் காலேஜ் வெரி பிக்?"

"நோ சிங்கப்பூர்" என்றேன். "நோ காலேஜ். ஐ ஆம் ஃப்ரம் ஹில். எய்த் ஸ்டாண்டர்ட். மை ஃபாதர் ஃபார்மர்." பலகையில் மலை வரைந்து காட்டினேன். மலைமேல் ஒரு வீடு, பக்கத்தில் சாமைக் கதிர்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதலாளி நின்றிருந்தார். ஏதோ ஓட்டல் மேனேஜர் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார், அவர்கள் ஆட்களையும் இங்கே படிக்க அனுப்பச் சொல்லி. அவர்கள் கேட்டுவிட்டார்கள். சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். முதலாளி உள்ளே வந்தார்.

"இன்னாடா சொன்ன?"

"கேட்டாங்க. சொன்னேன்."

காலில் இருந்ததைக் கழற்றினார். தோல் செருப்பு. ஒரு கன்னத்தில் விழுந்தது. பிறகு அடுத்த கன்னத்தில்.

"மலையில கெழங்கு நோண்டிக்கினு கெடந்தவன் கழுத்துல டைய கட்டி உட்டேன்ல. என்னச் சொல்லணும்டா. காட்டுப் பயலே."

அடுத்தது வாயில். உதடு கிழிந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். பாடம் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் தினம் கத்துவதும் உதைப்பதும் பார்த்தவர்கள்தானே. போனை வைத்திருந்த பையன் பக்கத்தில் வந்து பிடித்தான். முதலாளி செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு போய்விட்டார். "தேங்க் யூ. சீ யூ டுமாரோ" என்றேன். டையில் ரத்தம் சொட்டியது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

நான் ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று அன்றைக்கே தோசை மாஸ்டர் கேட்டான். அவன் கீழ்நாட்டுக்காரன், சமவெளி ஆள். அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் செருப்படி பட்டவன் பந்தியில் உட்கார முடியாது. கோயில் திடலுக்குள் வர முடியாது. பெண்ணைக் கட்டிக் கொடுக்க முடியாது. தீட்டுக் கழிக்க வேண்டும். அதற்கு முன், அடித்தவன் வந்து ஊர் முன்னால் "அடிச்சேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பார்த்தவர்கள் சொன்னால் செல்லாது. அடித்தவன் சொன்ன பிறகுதான் வழக்கு. மன்னிப்பு யாரும் கேட்பதில்லை, அபராதத்தோடு சரி. இன்னொன்றும் உண்டு. அடிபட்டவன் திருப்பி அடித்துவிட்டால் வழக்கே கிடையாது. இரண்டு பேரும் அடித்தவர்கள் ஆகிவிடுவார்கள். தீட்டு அப்படியே நின்றுவிடும்.

"அதெல்லாம் மலையில. இங்க எவன் பாக்கறான்?" என்றான் தோசை மாஸ்டர்.

"எங்க பட்டா இன்னா. பட்டது பட்டதுதான்."

என் மகளுக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தது.

யாரும் பார்க்கவில்லை என்று அவன் சொன்னதும் இல்லாமல் போனது. படம் பிடித்த பையன் அதைத் தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்தான், டீச்சரின் தமாஷ் என்று. தோசை மாஸ்டர் அதைத் தன் தம்பிக்கு அனுப்பினான். முதலாளி எப்படிப்பட்டவர் என்று காட்டத்தான் அனுப்பினானாம். அது சின்னசேலம் போய், கள்ளக்குறிச்சி போய், பஸ் ஏறுகிற வேகத்தில் மலை ஏறிவிட்டது. அன்றிரவே என் மனைவி போன் செய்தாள்.

"பாத்தோம்" என்றாள்.

"எல்லாருமா?"

"சம்மந்தி வூட்லயும்."

போனை வைத்துவிட்டாள்.

விடிந்ததும் முதலாளியிடம் போனேன். "அத்தினி பேர் முன்னால அடிச்சீங்க. அவங்க முன்னால அடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போன்ல எங்க மூப்பர் கேப்பாரு. போதும். வேற ஒன்னும் வாணாம்."

மூப்பர் என்றால் எங்கள் ஊர்த் தலைமை. பரம்பரையாக வருவது.

"அடிச்சேன்னு சொல்லணுமா? சொல்லிட்டா போலீஸ்ல எழுதி வைக்கவா? ஏமாந்த ஆள் பாத்துக்கினு இருக்கியா? போய் மாவு பெசைடா" என்றார்.

அன்று சாயங்காலம் வகுப்பில் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னேன். நடுவில் நின்றேன். உதடு வீங்கியிருந்தது.

"எஸ்டர்டே. ஹூ ஹிட்?" என்று கேட்டேன்.

இது பாடமா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. துணி வெளுக்கிற பெண் எழுந்தாள்.

"பாஸ் ஹிட் டீச்சர்."

"வித் வாட்?"

"ஷூ."

"வொய்?"

"பிகாஸ் டீச்சர் சே வில்லேஜ்."

பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். கார் கதவு திறக்கிறவன் தன்னை ஓட்டலில் அறைந்தவன் பெயரைச் சொன்னான். மேஜை துடைக்கிற ஒருத்தி தன் கைத் தழும்பைக் காட்டினாள். அதுவரை அவர்கள் அத்தனை இங்கிலீஷ் பேசிக் கேட்டதில்லை. பார்த்தவர்கள் சொல்வது எங்கள் ஊரில் செல்லாது என்று எனக்குத் தெரியும். அவர் வந்து நடுவில் நின்று சொல்லட்டும் என்றுதான் வட்டம் போட்டேன்.

வந்தார். வட்டத்தைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது.

"கூட்டம் போடறியா?"

"சொல்லிடுங்க."

பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி என் முதுகில் அடித்தார். நாற்காலிக் கால் ஒடிந்தது. ஒடிந்த காலால் விலாவில் குத்தினார். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். துணி வெளுக்கிற பெண் வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளைத் தள்ளினார். பலகை முனையில் அவள் நெற்றி மோதிப் பிளந்தது. என் வலது கை எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்களுக்கு எங்கள் வழக்கம் இல்லை. கார் கதவு திறக்கிறவன்தான் முதலில் எழுந்தான். பிறகு எல்லாரும். முதலாளி கண்ணாடிக் கதவோடு வெளியே போய் விழுந்தார். படியில் வைத்தும் அடித்தார்கள். தோசை மாஸ்டர் கீழேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றான். தடுக்கவில்லை.

அந்தப் பெண் நெற்றியைத் துணியால் அழுத்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "டீச்சர், யூ பிக் மேன். வொய் யூ நோ ஹிட்?"

அதைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

மறுநாள் முதலாளி பாஸ்போர்ட்டை என் மூஞ்சியில் எறிந்தார். அவர் முகமும் வீங்கித்தான் இருந்தது. அப்போதும் கேட்டேன். துப்பினார். விமானம் ஏறினேன்.

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி மலை ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் விலா குத்தியது. பஸ்ஸில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பக்கத்தில் வந்து உட்காரவில்லை. வீட்டில் மனைவி எனக்குத் தனித் தட்டு எடுத்து வைத்திருந்தாள். தனிச் சொம்பு. அதுதான் முறை. அவள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மகள் கள்ளக்குறிச்சியில் செருப்புக் கடையில் வேலை செய்கிறாள். சனிக்கிழமை வந்தாள். தட்டைப் பார்த்தாள். எடுத்து வாசலில் வீசினாள்.

"செருப்பு பட்டா தீட்டாப்பா? நானு டெய்லி நூறு பேரு காலப் புடிச்சி செருப்பு மாட்டி உடறேன். அப்போ நானு இன்னா? நடமாடற தீட்டா?"

"ஊரு வழக்கம்மா."

"ஊருக்கு வேற பொழப்பு இல்ல. நாங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக்கறோம். அவுருகிட்ட பேசிட்டேன். நீ யாருகிட்டயும் போயி நிக்க வாணாம்."

"அவங்கப்பா ஒத்துக்குவாரா?"

வாசலில் கிடந்த தட்டைப் பார்த்தாள்.

"கட்டிக்கினு எங்க இருப்ப? அந்த ஊர்லதானே. நாளைக்கு ஒனக்கு ஒரு புள்ள பொறந்தா பேர் வைக்க நானு வர முடியாது."

"வராத போ" என்றாள். பிறகு வாசலுக்குப் போய்த் தட்டை எடுத்து வந்தாள். நசுங்கியிருந்தது. கல்லால் தட்டிச் சரி செய்தாள்.

சம்பந்தி ஆள் அனுப்பினார். தை முடிகிறவரை பார்ப்பேன், அதற்குமேல் என் பையனுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று. அவரும் மோசமானவர் இல்லை. அவர் ஊருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

என் மச்சினன்கள் இரண்டு பேர். பெரியவன் பேச மாட்டான். சின்னவன் கொடுவாளைத் தீட்டிக்கொண்டே பேசுவான்.

"மாமா, நீ ஒரு வார்த்த சொல்லு. அந்தக் கைய எடுத்தாந்து ஊர் நடுவுல வச்சிடறேன். கை வந்து சொல்லட்டும்."

"கைக்கு வாய் கெடையாதுடா" என்றார் மூப்பர்.

எங்கள் மூப்பர் என்னைவிடச் சின்னவர். வெள்ளிமலைக்கும் ஊருக்கும் ஜீப் ஓட்டுகிறார். அவருக்கும் இதில் சிக்கல். வழக்கு தீராமல் நின்றால் மூப்பர் சரியில்லை என்பார்கள். அவர்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டார். முதலாளி திருநாவலூரில் புது வீடு கட்டியிருக்கிறார், கிரகப்பிரவேசத்துக்கு வந்திருக்கிறார் என்று.

"அவரு நம்ம ஊருக்கு வரமாட்டாரு. நாம போவோம். நான் இருக்கற எடம்தான் ஊரு" என்றார்.

ஜீப்பில் இறங்கினோம். மூப்பர், நான், மச்சினன்கள். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் மூப்பர் வண்டியை ஓரம் கட்டினார். சின்ன மச்சினன் இடுப்பைத் தடவிக் கொடுவாளை எடுத்து சீட்டுக்கு அடியில் போட்டார்.

"ஒருத்தனும் கை நீட்டக் கூடாது. நீட்டினா நாம வந்தது வீண்."

"அவன் அடிச்சா?"

"வாங்கிக்கோ."

புது வீடு இரண்டு மாடி. வாசலில் சவுக்குக் கழி நட்டுப் பந்தல். பந்தி நடந்துகொண்டிருந்தது. முதலாளி பட்டு வேட்டியில் நின்று எல்லாரையும் உபசரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மாமனார், மைத்துனர்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, நம்ம இங்கிலீஷ் வாத்தியாரு! வாய்யா, வா. எல போடுங்கப்பா. இவருதான் மாமா, அந்த வீடியோல நம்மகூட நடிச்சவரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீடியோ இந்த ஊருக்கும் வந்திருக்கிறது. அது வகுப்பில் நடத்திய பாடம், நடிப்பு என்று மாமனார் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"சாப்பாடு வாணாங்க" என்றேன்.

மூப்பர் பந்தலுக்கு வெளியே, வெயிலில் நின்றார். "இவர நீங்க செருப்பால அடிச்சீங்களா இல்லியா, ஒங்க வாயால சொல்லணும். அத்தக் கேக்கத்தான் வந்தோம். கேட்டுட்டுப் போயிடறோம்."

"இது யாரு?"

"எங்க மூப்பரு."

"மூப்பரா? ஜீப்பு டிரைவர் மாதிரி கீறாரு."

"அதுவும்தாங்க" என்றார் மூப்பர்.

பந்தியில் கை நின்றுவிட்டது. மாமனார் முதலாளியைப் பார்த்தார். "இன்னா மாப்ள இது? நடிப்புன்னு சொன்னீங்க?"

"நடிப்புதான் மாமா. பணம் புடுங்க வந்துக்கீறானுங்க. டேய், வாத்தியாரே, நீயே சொல்லு. நடிப்புதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இலை போட்டிருப்பார்கள்.

"என் உதடு நடிக்கலீங்க" என்றேன். தையல் தழும்பைக் காட்டினேன்.

முதலாளியின் மைத்துனன்தான் முதல் அடி. என் காதோடு சேர்த்து. பிறகு நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். பந்தலிலிருந்து சவுக்குக் கழியைப் பிடுங்கினார்கள். பந்தல் ஒரு பக்கம் சரிந்தது. பாயசம் ஊற்றுகிற வாளி பறந்தது. பெரிய மச்சினன் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு கீழே உட்கார்ந்தான். அவன் மேல் மிதித்தார்கள். சின்ன மச்சினனைச் சுவரோடு வைத்து அறைந்தார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கை இரண்டையும் அக்குளில் வைத்துக்கொண்டான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வலியில் இல்லை. மூப்பரை யாரும் தொடவில்லை, ஏனென்று தெரியாது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

என் மேல் கழி விழுந்தது. தோள், தொடை. தலைக்கு வந்ததை வலது கையால் தடுத்தேன். அடிக்கவில்லை, தடுத்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு போனது. கை வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. மண்டியிட்டேன். எழுந்தேன். மறுபடி அடித்தார்கள். மறுபடி எழுந்தேன்.

முதலாளி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். பட்டு வேட்டியில் பாயசம். என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"திருப்பி அடிடா. ஏன்டா நிக்கற? அடிடா நாயே!"

நான் நின்றேன்.

"அடிச்சா நானும் அடிச்சேன் நீயும் அடிச்சன்னு முடிச்சிக்கலாம்ல. அடிடா!"

அவருக்கும் எங்கள் வழக்கம் தெரிந்திருந்தது. தோசை மாஸ்டர் சொல்லியிருக்க வேண்டும்.

"சொல்லிடுங்க" என்றேன். வாயில் ரத்தம். சரியாகச் சொல் வரவில்லை.

அவர் முகம் கறுத்தது. குனிந்து காலிலிருந்து கழற்றினார். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவருக்கு மறந்துவிட்டது.

"அன்னிக்கும் இப்டித்தான்டா மரம் மாதிரி நின்ன! செருப்பால அடிச்சேன், வாய் கிழிய அடிச்சேன், அப்பவும் மரம் மாதிரி நின்ன! இன்னிக்கும் அடிப்பேன்டா!"

கை மேலே போனது. அவர் மாமனார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும் மாப்ள" என்றார். செருப்பைப் பிடுங்கிக் கீழே போட்டார். பிறகு அவர் மருமகனைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மூப்பர் கையைத் தூக்கினார்.

"சொல்லிட்டாரு" என்றார். "வண்டிக்கு வாங்க."

பந்தலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு அடி வாங்கியவர்கள் ஏன் இப்படி எழுந்து போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய மச்சினனை நானும் மூப்பரும் தூக்கினோம். சின்னவன் மட்டும் வாசலில் நின்று திரும்பினான்.

"மூப்பரே, சொல்லிட்டாரில்ல? வழக்கு முடிஞ்சிச்சில்ல?"

"முடிஞ்சிச்சி."

திரும்பிப் போய், தன்னை அறைந்த மைத்துனனை மூக்கில் ஒன்று விட்டான். அவனை இழுத்துக்கொண்டு வருவதற்குள் அவன் இடது காதில் கழி விழுந்தது. ஜீப் கிளம்பும்போது கல் வந்து கண்ணாடி உடைந்தது. மூப்பர் கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு ஓட்டினார்.

"அது அவன் கணக்கு. இந்த வழக்குல சேராது" என்றார் மூப்பர், தானாகவே.

கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். ஜீப் கவிழ்ந்தது என்றார் மூப்பர். கண்ணாடி உடைந்து நிற்கிறதே, நம்பினார்கள். மாவுக்கட்டு போட்டார்கள். மகள் கடையிலிருந்து ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், மாமன்களைப் பார்த்தாள். சின்னவன் காதில் பஞ்சு ரத்தத்தில் ஊறியிருந்தது.

"அந்தாளு சொல்லிட்டாரு பாப்பா" என்றான் அவன், சத்தமாக. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"சொல்லி? கேக்க ஒனக்குக் காது எங்க?" என்றாள்.

சுவர் பக்கம் திரும்பி நின்று அழுதாள். அவன் காது இன்றுவரை கேட்பதில்லை.

ஊரில் மூப்பர் திடலுக்கு வெளியே நின்று, கேட்டதைக் கேட்டபடி சொன்னார். அபராதம் அடித்தவன் கட்ட வேண்டும், அவன் ஊரில் இல்லாததால் மூப்பரே தன் காசைத் துணியில் முடிந்து வைத்தார். ஓடையில் என்னை உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கட்டு நனையாமல் இருக்கக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஊரோடு உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிட்டேன், இடது கையால். இடது கையால் சாப்பிடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கல்யாணம் தை கடைசியில் நடந்தது. பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் அப்பன் கொடுக்க வேண்டும். வலது கையால் கொடுக்க வேண்டும். மாவுக்கட்டு விரல் வரை இருந்தது. விரல் மட்டும் வெளியே. தூக்கினால் எலும்பு உள்ளே உரசியது. சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார், அவர் ஊர் ஆட்களும். மூப்பர் கட்டுக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தூக்கினார். மகள் என் விரலைப் பிடித்தாள்.

குனிந்த தலையோடு மெல்லச் சொன்னாள். "போதும், எறக்குப்பா."

"இன்னும் கொடுக்கல" என்றேன்.

கொடுத்தேன்.